மேசைமேல் உலகங்கள் – 9: நான்காம் பதிப்பின் கலகம்

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கூடிய ஜென் கான் மாநாட்டில், விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தார் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு மறு ஆண்டில் வெளிவரும் என்று பிரகடனம் செய்தார்கள். சென்ற இயலில் நாம் கண்ட மூன்றாம் பதிப்பு பிறந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அதன் திருத்தமாகிய மூன்றரைப் பதிப்பு வெளிவந்து நான்காண்டுகளே சென்றிருந்தன. ஆட்டத்துக்கு வேண்டிய மூன்று மூலநூல்களை 2000இல் ஒரு முறையும் 2003இல் மறுமுறையும் காசு கொடுத்து வாங்கி, துணைநூல்களை அலமாரி நிறைய அடுக்கி, வாரந்தோறும் ஒரு நண்பர் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே கதையை வருஷக்கணக்காக வளர்த்து வந்த அபிமானிகளுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை, இத்தொடரை ஆதியிலிருந்து படித்து வருகிறவர்கள் எளிதில் ஊகித்துக்கொள்வார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் சச்சரவுக்கு அவர்களே 'பதிப்புப் போர்' என்று பெயரிட்டார்கள்.

பகடை உருட்டி விளையாடும் ஒரு விளையாட்டின் விதிகளுக்காக வயது வந்த மனிதர்கள் நட்பை முறித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்படும் எவரும் முதலில் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும் அந்தச் சண்டையின் வாதப் பிரதிவாதங்களைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கிறவனுக்கு, அவற்றினடியில் மிகவும் கௌரவமான ஒரு வினா இருப்பது புலப்படும். ஆட்டம் என்பது அச்சிட்ட நூலில் இருக்கிறதா, அல்லது அதை விளையாடும் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் இருக்கிறதா? நூலில் இருக்கிறதென்றால் நூலுக்கு உரியவன் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம். மேசையில் இருக்கிறதென்றால் அதை மாற்ற வெளியார் எவருக்கும் உரிமை கிடையாது. இந்த வினா 2007இல் முளைத்ததன்று. முதல் நூலோடு கூடவே பிறந்தது.

1974ஆம் ஆண்டு ஜனவரியில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் அடங்கி, பத்து டாலர் விலையில், ஆயிரம் பிரதிகளாக வெளிவந்த கதையை முன்பே விரிவாகக் கூறியிருக்கிறேன். அந்தப் புத்தகங்கள் பூரணமானவை அல்ல. சண்டைக்கு 'செயின்மெயில்' என்ற வேறொரு நூலைப் பார்க்கும்படியும், காட்டு வழிப் பிரயாணத்துக்கு வேறு ஒரு நிறுவனத்தார் விற்ற ஆட்டப் பலகையைப் பயன்படுத்தும்படியும் சொல்லி, பல இடங்களில் வாசகனைத் திண்டாட விட்டுவிட்டன. முடிவுரையிலோ ஆசிரியர்கள், உங்களுக்கு எது உசிதமென்று தோன்றுகிறதோ அதையே நீங்கள் தீர்மானித்து அவ்வண்ணமே செய்துகொள்ளுங்கள் என்ற கருத்துப்பட எழுதி, அதிகாரத்தை முழுவதும் மேசைக்கே தத்தம் செய்துவிட்டார்கள்.

அந்தத் தத்தத்தை மேற்கு மாநிலத்தார் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் கால்டெக் மாணவர்கள் தங்களுக்கென்று 'வார்லாக்' என்ற விதித் தொகுப்பை உண்டாக்கினார்கள். ஸ்டீவ் பெரின் சண்டைக்குத் தனி ஒழுங்குகளை வகுத்தார். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே, மூல விதிகள் தமக்குச் சரிப்படவில்லை என்று 1975இல் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்னும் வேறோர் ஆட்டத்தையே இயற்றி வெளியிட்டார். அதே ஆண்டு லீ கோல்டு என்னும் பெண்மணி லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற பத்திரிகை, ஆட்டக்காரர்கள் தாங்களே தட்டச்சு செய்து அனுப்பிய பக்கங்களைத் தைத்து மாதந்தோறும் வெளியிட்டு, இந்த விவாதங்களுக்கெல்லாம் சபையாக விளங்கிற்று. மந்திரவாதி ஒரு நாளைக்கு ஒரு மந்திரத்தை ஒரு முறைதான் உச்சரிக்கலாமா, செத்தவனை உயிர்ப்பிப்பது நியாயமா, கதையை நடத்தும் ஒரு நடுவரின் மேசையில் பலம் பெற்ற பாத்திரத்தை இன்னொருவரின் மேசைக்குக் கொண்டுபோக இடம் தரலாமா என்றெல்லாம் அந்தப் பக்கங்களில் நடந்த தர்க்கங்கள், முப்பது வருஷம் கழித்து நடந்தவற்றுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல.

கைகாக்ஸ் இதைக் கண்டு முதலில் மகிழ்ந்தார், பிறகு கலங்கினார். நாடெங்கும் ஒரே விதிப்படி ஆடினால்தான் போட்டிகள் நடத்த முடியும், ஆட்டமும் ஒரே உருவத்தோடு நிலைக்கும் என்று கருதி, 1977 முதல் 1979 வரை மூன்று கனத்த நூல்களாக 'அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதை வெளியிட்டார். இது பழையதன் விரிவு அன்று, தனி ஆட்டமே என்று 'டிராகன்' பத்திரிகையில் வலியுறுத்தி எழுதினார். தம் பெயருக்கும் பங்குத் தொகைக்கும் பங்கம் நேர்ந்ததென்று ஆர்னசன் 1979இல் தொடுத்த வழக்கு 1981இல் சமரசமாக முடிந்தது. இதற்கிடையில், நரம்பியல் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் புதியவர்களுக்கென்று 1977இல் சீர்செய்து தந்த எளிய பெட்டியும், 1981இல் டாம் மோல்ட்வே அதைத் திருத்தியமைத்த பெட்டியும் அந்தப் பெருநூல்களோடு ஒரே கடையில் அருகருகே விற்றன. ஆகவே ஒரே நிறுவனம் ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்களைப் பல ஆண்டுகள் விற்றது. பதிப்புக் கட்சிகளின் பூர்வாங்கம் இதுவே.

நம் சங்கீத வித்வான்களிடையே பாடாந்தரம் பற்றி எழும் சர்ச்சையை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமை விளங்காமற்போகாது. கீர்த்தனை ஒன்றே; ஆனால் எந்தக் குருவினிடம் எவர் கற்றாரோ அவருக்கு அந்த வழியே சுத்தம். பாடம் மாறினால் ஸ்வரம் மட்டும் மாறுவதில்லை, கற்றுக் கொடுத்தவரின் ஞாபகமும் அசைக்கப்படுகிறது.

1989இல் டேவிட் குக் தலைமையில் வெளிவந்த இரண்டாம் பதிப்பின்போதும் முணுமுணுப்பு எழுந்தது. இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுக்கிறதென்று அக்காலத்தில் சில பெற்றோரும் மதபோதகர்களும் நடத்திய பிரசாரத்துக்கு அஞ்சிப் பேய்களும் பூதங்களும் நூலிலிருந்து நீக்கப்பட்டு, பின்னால் வேறு பெயர்களோடு திரும்பி வந்தன. கொலையாளி என்ற வகையும் அரை-ஆர்க் என்ற இனமும் போயின. ஆட்டத்தை அக்காலத்தில் வெளியிட்டு வந்த நிறுவனத்தில் கைகாக்ஸ் அப்போது இல்லை. ஆனாலும் விதிகளின் அஸ்திவாரம் மாறாததால், பழைய சாகசக் கதைகளைப் புதிய நூலோடு வைத்துக்கொண்டு ஆட முடிந்தது. முணுமுணுப்பு கலகமாக முற்றவில்லை.

மூன்றாம் பதிப்போ அஸ்திவாரத்தையே தோண்டிற்று. அதன் ஒரு மூலையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் பதிப்பில் ஒரு வீரனுக்குத் 'தாக்கோ' என்று அழைக்கப்பட்ட ஓர் எண் உண்டு. கவச எண் பூஜ்யமாக உள்ள எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்பதே அது. கவசம் உறுதிப்பட உறுதிப்பட எண் குறைந்துகொண்டே போய், பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். ஐந்தாம் நிலை வீரனின் தாக்கோ 16. எதிரியின் கவச எண் 3. பதினாறிலிருந்து மூன்றைக் கழித்தால் 13. பகடையில் பதின்மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது. 2000இல் ஜோனதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் இதைத் தலைகீழாக்கினார்கள். கவசம் உறுதிப்பட எண் ஏறும்; வீரன் தன் கூட்டெண்ணைப் பகடையோடு சேர்த்து அந்த எண்ணை எட்ட வேண்டும். மேற்சொன்ன வீரனையும் எதிரியையும் அப்படியே புதிய முறையில் எழுதினால் கூட்டெண் 4, கவச எண் 17. தேவைப்படுவது மறுபடியும் அதே 13. நூற்றுக்கு நாற்பது தடவை அடி விழும் என்பது இரண்டிலும் ஒன்றே. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் கூட்டல், பெரியவர்களையும் தடுமாற வைத்த கழித்தலின் இடத்துக்கு வந்தது. அப்படியிருந்தும் தாக்கோவைக் கைவிட்டதை ஒரு துரோகமாகவே எண்ணி வருந்தினவர்கள் இருந்தார்கள். பல வருஷம் நள்ளிரவு வரை உட்கார்ந்து பழகிய கணக்கு, கணக்காக மட்டும் இருப்பதில்லை. அதைச் சட்டென்று மனத்திலேயே போட்டுச் சொல்லுகிறவன் அந்த மேசையில் ஒரு பெரிய மனிதன்.

கணக்கைவிட ஆழமான மாறுதல் வேறொன்று. பாழடைந்த நிலவறை ஒன்றில் இரகசியக் கதவு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் தேர்ந்த நடுவர் ஒருவரின் மேசையில், ஆட்டக்காரன் வாயால் விவரிக்க வேண்டும்: சுவரைக் கோலால் தட்டிப் பார்க்கிறேன், தீப்பந்தத்தின் சுவாலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்கிறேன், தோல்பையிலுள்ள தண்ணீரைத் தரையில் கொட்டி எங்கே வடிகிறதென்று பார்க்கிறேன். நடுவர் கேட்டு, யோசித்து, தீர்ப்புச் சொல்லுவார். மூன்றாம் பதிப்பில் பாத்திரத்தின் தாளில் 'தேடல்' என்று ஒரு திறமை எழுதியிருக்கும். பகடையை உருட்டி, குறித்த எண்ணை எட்டினால் கதவு தென்படும். முதல் முறையில் ஆட்டக்காரனின் சமயோசிதம் சோதிக்கப்படுகிறது, நடுவரின் நேர்மையை நம்பியாக வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் கூச்சமுள்ளவனும் சாமர்த்தியசாலியாக நடிக்க முடிகிறது, நடுவரின் பட்சபாதத்துக்கு இடமில்லாமற் போகிறது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், நல்ல நடுவர் வாய்த்த இடத்தில் முதலாவதே என்பேன். ஆனால் நல்ல நடுவர் எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை என்பதையும் அந்தப் பதிப்பின் ஆசிரியர்கள் கண்டறிந்தே எழுதினார்கள்.

இனி நான்காம் பதிப்புக்கு வருவோம். ராப் ஹைன்சூ தலைமையில், ஆண்டி காலின்ஸ், ஜேம்ஸ் வயாட் முதலியோர் இயற்றிய அது 2008 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. ஆட்டத்தின் ஆதிகர்த்தாக்களுள் ஒருவரான கைகாக்ஸ் அதற்கு மூன்று மாதம் முன்னதாக, மார்ச் 4ஆம் தேதி, லேக் ஜெனீவாவில் காலமாகியிருந்தார். அபிமானிகள் துக்கம் ஆறாதிருந்த அந்த வேளையில் கைக்கு வந்த நூல், பழைய பெயரைத் தாங்கிய புதிய ஆட்டமாக அவர்களுக்குத் தோன்றிற்று. போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்ற எல்லா வகையினருக்கும் ஒரே மாதிரியான அமைப்பு. ஒவ்வொருவருக்கும் எப்போதும் செய்யக்கூடிய வித்தை சில, சண்டைக்கு ஒரு முறை செய்யக்கூடியவை சில, நாளுக்கு ஒரு முறை செய்யக்கூடியவை சில. ஒவ்வொருவனும் அணியில் வகிக்கும் பங்கும் காப்பவன், தாக்குபவன், தலைவன், கட்டுப்படுத்துபவன் என்று நூலிலேயே குறிக்கப்பட்டது. சண்டை முழுவதும் கட்டம் போட்ட பலகையில் நடந்தது. தூரங்கள் அடிக்கணக்கில் சொல்லப்படாமல் கட்டக்கணக்கில் சொல்லப்பட்டன.

எதிர்க்கட்சியினர் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டிய ஓர் உதாரணம் உண்டு. ஏழாம் நிலையில் போர்வீரனுக்கு 'வந்து வாங்கிக்கொள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு வித்தை கிடைக்கும். அதைப் பிரயோகித்தால் மூன்று கட்டத் தூரத்துக்குள் இருக்கும் எதிரிகள் அனைவரும் அவன் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள்; உடனே அவன் அவர்களை வெட்டலாம். வீரன் அறைகூவுகிறான், மானமுள்ள எதிரி பாய்ந்து வருகிறான் என்றால் சரி. பாறைக்குப் பின்னே பதுங்கிக் குறிபார்த்துக்கொண்டிருக்கும் வில்லாளி ஏன் வருகிறான்? அறிவே இல்லாத களிமண் குழம்புப் பிராணி ஏன் வருகிறது? விதி அதற்குக் காரணம் கூறவில்லை. காரணத்தை மேசையில் இருப்பவர்கள் கற்பித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. கதையிலிருந்து விதி பிறக்க வேண்டும் என்பவர்கள் இதைப் பொறுக்கவில்லை. விதி முதலில் வரட்டும், கதையை அதன்மேல் கட்டுவோம் என்பவர்களுக்கு இதில் குறையே தெரியவில்லை. நிறுவனத்தார் பின்னர் எதிரியின் மன உறுதியை வென்றால்தான் அது பலிக்கும் என்று திருத்தம் வெளியிட்டார்கள்.

இன்னொரு சர்ச்சை உயிர்ப்புள்ளிகளைப் பற்றியது. படைத்தலைவன் என்ற புதிய வகையினன், மந்திரம் எதுவும் அறியாதவன், உற்சாகச் சொல் ஒன்றைக் கூவி, விழும் நிலையிலுள்ள தோழனின் உயிர்ப்புள்ளிகளை மீட்டுவிடுவான். காயத்தைக் கூச்சல் ஆற்றுமா என்று ஒரு கட்சி கேட்டது. மறு கட்சியோ, கைகாக்ஸே 1979ஆம் ஆண்டின் நடுவர் நூலில், உயிர்ப்புள்ளி என்பது சதையின் அளவு மட்டுமன்று, அதிர்ஷ்டமும் அனுபவமும் தப்பிக்கும் சாமர்த்தியமும் அதில் அடக்கம் என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டிற்று. முப்பது வருஷத்துக்கு முந்திய மூலத்தை நான்காம் பதிப்பின் ஆதரவாளர்கள் பிரமாணமாகக் காட்ட, மூலத்தின்மேல் பக்தி கொண்டவர்கள் தங்கள் மேசையின் வழக்கத்தைப் பிரமாணமாகக் காட்டினார்கள். இந்தப் போர் முழுவதிலும் எனக்கு மிகவும் ருசித்த கட்டம் இதுவே. இரு சாராரும் ஆயுதங்களை மாற்றிக்கொண்டு நின்றதை அவர்களே கவனித்ததாகத் தெரியவில்லை.

நான்காம் பதிப்பை நான் இழிவாக எண்ணவில்லை. பழைய பதிப்புகளில் முதல் நிலை மந்திரவாதியாக ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும். காலையில் ஒரே ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுவான். முதல் சண்டையிலேயே அதைச் செலவழித்துவிட்டால், மாலை வரை தோழர்களின் பின்னால் கவணோ கத்தியோ ஏந்தி நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அவனுக்கு ஒவ்வொரு முறையும் செய்வதற்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்ததும், வெட்டுவதைத் தவிர வேறு போக்கில்லாதிருந்த போர்வீரனுக்குத் தந்திரங்களை வழங்கியதும், ஒரு வாரத்துச் சண்டையை ஆயத்தம் செய்ய நடுவர் பல மணி நேரம் உழைக்க வேண்டியிருந்த சிரமத்தைக் குறைத்ததும் உண்மையான உபகாரங்கள். புதிதாக வந்தவர்கள் பலர் அந்தப் பதிப்பின் வழியாகவே இந்த ஆட்டத்தில் நுழைந்தார்கள். அவர்களுக்கு அதுவே மூலம்.

குற்றம் நூலைவிட நூலைக் கொண்டுவந்த விதத்தில்தான் அதிகம். பழைய தொடராட்டங்களைப் புதிய விதிக்கு மாற்ற முயலாமல் புதிதாகவே தொடங்குங்கள் என்று ஆலோசனை கூறப்பட்டது. ஏழு வருஷம் வளர்த்த ஒரு பாத்திரத்தைப் பெட்டியில் வைத்து மூடச் சொல்வது சாதாரண விஷயமா? ஆதி நாள் முதல் நூலில் இடம்பெற்றிருந்த நோம் என்னும் குள்ள இனம் முதல் ஆட்டக்காரர் நூலிலிருந்து விலக்கப்பட்டுப் பிராணிகளின் நூலுக்குத் தள்ளப்பட்டது. அதன் இடத்தில் டிராகன் முகம் கொண்ட புதிய இனம் வந்தது. எட் கிரீன்வுட் என்னும் கனடா தேசத்தவர் சிருஷ்டித்த 'ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்' உலகத்தில் காலம் ஏறக்குறைய நூறாண்டு முன்னே நகர்த்தப்பட்டு, ஒரு மாபெரும் மந்திர விபத்தால் நாடுகள் அழிந்து, தேவதைகள் பலர் மாண்டு, நாவல்களிலும் மேசைகளிலும் இருபதாண்டுகளாகப் பழகிய மனிதர்கள் பழங்கதையாகிவிட்டார்கள். போதாக்குறைக்கு, விளம்பரங்கள் பழைய விதிகளின் சிக்கல்களைப் பரிகசித்தன. நேற்றுவரை விலை கொடுத்து வாங்கி நேசித்ததை, விற்றவரே இன்று நகைக்கும்போது எவருக்கும் கோபம் வரும்.

இந்தக் கோபம் முந்திய காலங்களில் எழுந்திருந்தால் கடிதங்களோடு தணிந்திருக்கும். இம்முறை அதற்குச் சட்டம் கைகொடுத்தது. 2000ஆம் ஆண்டில் ரையன் டான்சியின் முயற்சியால் மூன்றாம் பதிப்பின் விதிகள் திறந்த உரிமத்தின் கீழ் விடப்பட்டன என்பதைச் சென்ற இயலில் பார்த்தோம். எவரும் அவற்றை எடுத்து, திருத்தி, தம் பெயரில் அச்சிட்டு விற்கலாம் என்ற அந்த உரிமையைக் கொடுத்த நிறுவனம் அப்போது அதைத் திரும்பப் பெற முயலவில்லை; புதிய பதிப்புக்கு மட்டும் வேறோர் உரிமத்தை, மிகவும் இறுக்கமான நிபந்தனைகளோடு, 2008 ஜூனில் வெளியிட்டது. ஒரு நூல்வரிசையைப் புதிய உரிமத்துக்கு மாற்றும் பிரசுரகர்த்தர் அந்த வரிசையைப் பழைய உரிமத்தின் கீழ் வெளியிடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கூட்டாளிகளாக இருந்த சிறு பிரசுரகர்த்தர்கள் தயங்கினார்கள். மறு ஆண்டில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

வாஷிங்டன் மாநிலத்துப் பைஸோ நிறுவனத்தின் நிலைமை விசேஷமானது. அதன் அப்போதைய தலைவி லிசா ஸ்டீவன்ஸ், விஸார்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய காலத்தில் அதன் முதல் முழுநேர ஊழியராக இருந்தவர். 2002 முதல் 'டிராகன்', 'டஞ்சன்' என்ற இரு பத்திரிகைகளையும் உரிமம் பெற்று நடத்தி வந்த பைஸோவுக்கு, அந்த உரிமம் புதுப்பிக்கப்படாமல் 2007இல் இரண்டு பத்திரிகைகளும் அச்சில் நின்றுபோயின. அதே ஆகஸ்டில் அது 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் மாதாந்தர சாகசக் கதை வரிசையைத் தொடங்கியிருந்தது. புதிய பதிப்பின் விதிகள் எப்போது கைக்கு வரும் என்று தெரியாமல் காத்திருப்பதா, தனி வழி போவதா என்ற சங்கடம். 2008 மார்ச்சில் தனி வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜேசன் புல்மான் மூன்றரைப் பதிப்பின் விதிகளைச் செப்பனிட்டு, வரைவை எவரும் இலவசமாகப் பெற்று ஆடிப் பார்த்துக் குறை கூறலாம் என்று திறந்துவிட்டார். 2009 ஆகஸ்டில் 576 பக்கங்கள் கொண்ட பெருநூலாக அது வெளிவந்தது. பழைய ஆட்டத்தை விட மனமில்லாதவர்களுக்குப் பழைய பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்றாயிற்று; அமெரிக்கக் கடைக்காரர்களை விசாரித்துத் தொகுக்கப்படும் விற்பனைப் பட்டியல்களில் 2011இல் பாத்ஃபைண்டர் முதலிடத்துக்கு ஏறிற்று. முப்பத்தேழு ஆண்டு வரலாற்றில் இந்த ஆட்டத்தை அதன் சொந்த விதிகளே தோற்கடித்த சம்பவம் இது.

அதே உரிமத்தைக் கொண்டு இன்னும் பின்னோக்கிச் சென்றவர்களும் உண்டு. விளையாட்டின் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விவரிக்கும் சொற்களுக்கே உண்டு என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிலை. இந்த நியாயத்தையும் திறந்த உரிமத்தையும் இணைத்து, 2006இல் மாட் ஃபின்ச்சும் ஸ்டூவர்ட் மார்ஷலும் கைகாக்ஸின் அட்வான்ஸ்ட் விதிகளை வேறு சொற்களில் 'ஆஸ்ரிக்' என்ற நூலாக மீட்டெழுதினார்கள். 2007இல் மோல்ட்வேயின் எளிய பெட்டி 'லாபரிந்த் லார்ட்' ஆயிற்று. 2008இல் 1974ஆம் ஆண்டின் மூலமே 'ஸ்வார்ட்ஸ் அண்ட் விஸார்ட்ரி' ஆயிற்று. தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்க்கும் பழைய முறையைப் புதியவர்களுக்கு விளக்கி ஃபின்ச் எழுதிய சிறு கைநூல் இந்த இயக்கத்தின் பிரகடனமாகவே மதிக்கப்பட்டது.

நிறுவனம் இதற்கிடையில் மற்றொரு காரியம் செய்தது. 2009 ஏப்ரலில், புதிய நூல் ஒன்று வலையில் திருட்டுத்தனமாகப் பரவியதைக் கண்டு வழக்குத் தொடுத்ததோடு, தன் மின்னூல்கள் அனைத்தின் விற்பனையையும், முப்பதாண்டுப் பழமையுள்ளவை உட்பட, ஒரே நாளில் நிறுத்திவிட்டது. பழைய பதிப்பை நாணயமாக விலை கொடுத்து வாங்க விரும்பினவனுக்கும் வழி அடைபட்டது. மறு நாள், ஏப்ரல் 7ஆம் தேதி, டேவ் ஆர்னசன் காலமானார்.

2012 ஜனவரியில் நிறுவனத்தின் சார்பில் மைக் மெர்ல்ஸ் புதிய பதிப்புக்கான வேலை தொடங்கியிருப்பதை அறிவித்தபோது, தொனி முற்றிலும் மாறியிருந்தது. எல்லாப் பதிப்புகளின் அபிமானிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே இலக்கு என்றார். பைஸோ செய்தது போலவே வரைவுகள் மே மாதம் முதல் பொதுமக்களிடம் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு கைகாக்ஸின் மூன்று அட்வான்ஸ்ட் நூல்களும் அவருடைய ஞாபகார்த்த நிதிக்கு ஒரு பங்கு சேரும்படி மறுபதிப்புச் செய்யப்பட்டன. 2013 ஜனவரியில் பழைய பதிப்புகளின் மின்னூல் விற்பனை மறுபடியும் திறக்கப்பட்டது. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் நூல், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைச் சோதித்து உதவியதாக நன்றி கூறுகிறது. அதில் நோம் திரும்பி வந்தது. கட்டப் பலகை விருப்பத்துக்கு உரியதாயிற்று. மந்திரவாதி காலையில் மந்திரங்களை ஆயத்தம் செய்துகொள்வது மீண்டது. சிறு மந்திரங்களை அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் உச்சரிக்கலாம் என்பதும், ஓய்வெடுத்து உயிர்ப்புள்ளிகளைத் தானே மீட்டுக்கொள்ளலாம் என்பதும் நான்காம் பதிப்பின் கொடை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எவரும் அவற்றைக் கொண்டாடவில்லை.

இங்கே ஒரு சாராருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. நான்காம் பதிப்பை நேசித்தவர்களும் இப்போது பழைய பதிப்புக்காரர்கள் ஆனார்கள். கூவித் தோழனை எழுப்பும் படைத்தலைவன் புதிய நூலில் இல்லை. மூன்றாம் பதிப்பின் அபிமானிகள் 2008இல் தங்கள் விதிகளை எடுத்துக்கொண்டு வெளியேறியதுபோல் இவர்கள் வெளியேற முடியவில்லை. ஏனெனில் அந்தப் பதிப்பின் விதிகள் திறந்த உரிமத்தின் கீழ் ஒருபோதும் விடப்படவில்லை. தோற்ற கட்சிக்கு அச்சகம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் ஓர் உரிமப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்திருந்தது.

அவர்களுட் பலர் ஆறுதல் கண்ட நூல் ஒன்று 2013இல் பெல்கிரேன் பிரஸ் வாயிலாக வெளிவந்தது. '13த் ஏஜ்' என்று பெயர் கொண்ட அந்த ஆட்டத்தை இயற்றியவர்கள் இருவர். இருவரும் அப்போது விஸார்ட்ஸ் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார்கள். ஒருவர் மூன்றாம் பதிப்பை வகுத்த ஜோனதன் ட்வீட். மற்றவர் நான்காம் பதிப்பின் தலைமை ஆசிரியர் ராப் ஹைன்சூ. அபிமானிகள் எவ்விரு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்களோ, அவ்விரு கட்சிகளின் மூலபுருஷர்கள் வெகுகாலம் ஒன்றாக உட்கார்ந்து ஆடிய நண்பர்கள். விதியில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்ட இடங்களில் அதை அவர்கள் மறைக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் தனிக் கட்டம் போட்டு, என் மேசையில் நான் இப்படித்தான் செய்கிறேன் என்று ஒருவரும், நான் அப்படிச் செய்வதில்லை என்று மற்றவரும், தத்தம் பெயரோடு எழுதி அச்சிட்டிருக்கிறார்கள்.

(தொடரும்)